மூன்றாவது விரல்

அவர் பேசும்போது வலது கையைப் பொத்தி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். ஒரு வசனம் சொல்லிச் சுட்டுவிரலை எழுப்புவார். இன்னொரு வசனம் சொல்லி நடுவிரலை எழுப்புவார். "ரெண்டையும் ஒத்துக்கொள்ளுறியளோ?" என்று கேட்பார். ஒத்துக்கொண்டால் அதோடு சரி. "ஆகவே" என்ற சொல்லோடு மோதிரவிரல் தானாக எழும்பும். எங்கள் குடியேற்றத்தில் அந்த மூன்றாவது விரலுக்குப் பயப்படாதவர்கள் குறைவு. என் தம்பி தன் காணியை இழந்தது அந்த விரலால்தான். ஆகையால் இவரைப் பற்றி நான் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு குளத்தின் கீழே காடு வெட்டி எங்களைக் குடியேற்றினார்கள். எல்லோரும் யாழ்ப்பாணத்துச் சனம். ஆளுக்கு மூன்று ஏக்கர் வயல், இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி, ஒரு சின்ன வீடு, ஒரு பெர்மிற். பெர்மிற் என்றால் சொந்தமாக்கும் உறுதிப்பத்திரம் அல்ல. நிபந்தனையை மீறினால் அரசாங்கம் காணியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அவருடைய வயல் மேலே, அதற்கு அடுத்துக் கீழே தம்பியின் வயல், பக்கத்தில் எங்களுடையது. ஊரில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கிணறும் செம்மண் தோட்டமும்தான். துலா மிதித்து இறைத்தால் தண்ணீர் வரும், இறைக்காவிட்டால் வராது. அந்த அறிவை மூட்டை கட்டிக்கொண்டுதான் வன்னிக்கு வந்து இறங்கினோம்.

அவர் வாலிப வயதில் ஒரு பண்டிதரிடம் தர்க்கம் படித்தவர். அறிவு மூன்று வழியாக வரும் என்பார். கண்ணால் காண்பது காட்சி. கண்டதை வைத்துக் காணாததை அறிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லிக் கேட்பது உரை. அவருக்கு நடுவில் இருப்பதில்தான் பிரியம். "காட்சி மாட்டுக்கும் இருக்கு. கருதல் மனிசனுக்குத்தான்" என்பார். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். வயலில் நிற்கிறவனுக்கு மாட்டின் கண்ணும் கொஞ்சம் வேண்டும் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வந்த முதல் வருடமே ஒரு சம்பவம். யானைக்குப் பயந்து எல்லோரும் வேலி அடைத்துத் தீ மூட்டிக் காவல் இருந்தார்கள். அவர் மட்டும் வேலி அடைக்கவில்லை. "யானை வாறது தென்னையும் வாழையும் தின்ன. என்ர வளவிலை தென்னையும் இல்லை, வாழையும் இல்லை. ஆகவே யானை வராது." யானை வந்தது. அடுப்பிருந்த குசினிச் சுவரைத் தள்ளி, மூட்டையில் இருந்த விதைநெல்லைத் தின்றுவிட்டுப் போனது. காலையில் ஓடிப்போய்ப் பார்த்தோம். மனிசன் இடிந்த சுவருக்குப் பக்கத்தில் நிற்கிறார், முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை.

"தர்க்கம் பிழைக்கேல்லை. முதல் வசனத்திலை நெல்லையும் சேர்த்திருக்க வேணும். அது விட்டுப்போச்சு" என்றார்.

அவருடைய மனைவி சிதறிக் கிடந்த நெல்லைச் சுளகில் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தா. "இவருக்குப் பசிக்கிறதெண்டாலும் அதுக்கு முதல் ரெண்டு காரணம் வேணும் பிள்ளை" என்று என்னிடம் சொன்னா. அவ்வளவுதான். அவா அதிகம் கதைக்க மாட்டா. கதைத்தால் அதற்கும் இரண்டு விரல் எழும்பும் என்ற பயமாக்கும்.

நாங்கள் சிரித்தோம். சிரித்தாலும் அவரை விடவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. ஒருமுறை காட்டில் மேய்ந்து வந்த ஒரு நாம்பன் மாட்டை இரண்டு பேர் தங்களுடையது என்று பிடித்துக்கொண்டார்கள். குறி சுட்ட தழும்பு பாதி அழிந்து கிடந்தது. கத்தி எடுக்கும் அளவுக்குச் சண்டை. இவர் போனார். "உங்கடை வீட்டிலை எந்தப் பக்கம் குறி சுடுறது?" என்று இரண்டு பேரையும் தனித்தனியே கேட்டார். ஒருவன் இடப்பக்கம் என்றான், மற்றவன் வலப்பக்கம் என்றான். தழும்பு இடது தொடையில் இருந்தது. மூன்றாவது விரல் எழும்பியது. வலப்பக்கக்காரன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து எந்தப் பிணக்குக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அரசாங்க அலுவலகமான கந்தோருக்குப் பெட்டிசம் எழுதுவதும் அவர்தான். குடியேற்றத்தையும் தண்ணீரையும் மேற்பார்க்கும் ஓவசியரே அவருக்கு உட்காரக் கதிரை போட்டுக் கொடுப்பார்.

அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் "ஆனால்." யாராவது "ஓம், ஆனால்..." என்று தொடங்கினால் கையை உயர்த்தி மறித்துவிடுவார். "ஓம் எண்டால் ஓம். இல்லை எண்டால் இல்லை. ஆனால் எண்டுறது பொய் உள்ளை வர வைக்கிற படலை." சனமும் அவருக்கு முன்னால் அந்தச் சொல்லை விட்டுவிட்டது. வீட்டுக்குப் போய்த்தான் தங்கள் ஆனால்களைச் சொல்லிக்கொள்ளும்.

வன்னியின் பழைய கிராமத்திலிருந்து ஒருவர் எருமைகளோடு வந்து எங்கள் வயல்களை உழுது தருவார். ஒவ்வொரு போகமும் அந்த உழவுக்காரர் இவரிடம் சொல்வார்: "ஐயா, வரம்பைச் செதுக்கிச் சேறு அணையுங்கோ. உப்பிடியே விடாதையுங்கோ." இவர் கேட்க மாட்டார். "வரம்பு எதுக்கு? எல்லை காட்ட. எல்லை தெரியுதுதானே? ஆகவே வரம்பு போதும்." உழவுக்காரர் எருமையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்களுக்கு அவர் காட்டுச்சனம். அவர் சொல்வது உரையில் சேராது.

மழை பொய்த்த வருடம் அது. குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான் நின்றது. ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். முறை தவறி வெட்டினால் பெர்மிற் பறிபோகும் என்று ஓவசியர் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்த நாட்களில் என் கணவர் நெஞ்சுச் சளியோடு படுக்கையில் கிடந்தார். இருமினால் விலா எலும்பு எண்ணலாம். என் தம்பியின் மனைவிக்கு ஆறு மாதம். தம்பிதான் இரண்டு வயலையும் பார்த்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் முழுவதும் மேல்வயலுக்கு முறை. பின்னேரம் வயல் நிறைந்து நின்றதைப் பார்த்து வாய்க்காலை அடைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். புதன் காலையில் வந்து பார்த்தால் அவருடைய வயலில் சேறுதான் கிடந்தது. கீழே தம்பியின் வயலில் தண்ணீர் தளதளவென்று நின்றது. தம்பியின் முறைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அன்று பின்னேரமே சங்கக்கடை வாசலில் விசாரணை. ஓவசியர் கதிரையில் இருந்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். அவர் எழும்பினார், கையைப் பொத்தினார்.

"ஒருத்தர் வெட்டிவிடாமல் தண்ணி ஒரு வயலாலை இன்னொரு வயலுக்குப் போகாது. ஒத்துக்கொள்ளுறியளோ?"

துலா மிதித்த சனம் முழுவதும் ஓம் என்றது. சுட்டுவிரல் எழும்பியது.

"தனக்குப் பயன் இல்லாமல் ஒருத்தரும் களவாய்த் தண்ணி வெட்டமாட்டினம். பயன் கண்டது கீழ்வயல் ஒண்டுதான். ஒத்துக்கொள்ளுறியளோ?"

ஓம் என்றார்கள். நடுவிரல் எழும்பியது.

தம்பி முன்னுக்கு வந்தான். "நான் வெட்டேல்லை. காலமை போனன், தண்ணி நிண்டுது. பிள்ளையார் விட்டதெண்டு நினைச்சன்" என்றான். அவன் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான். வயலில் நின்று இரண்டு கையாலும் குட்டிக் கும்பிட்டும் இருக்கிறான். சனம் சிரித்தது.

"வெட்டின அடையாளம் ஒண்டையும் காணேல்லையே?" என்று ஓவசியர் கேட்டார்.

"அடையாளம் விட்டால் அவன் மடையன். விடாதபடியால்தான் கள்ளன்" என்றார் இவர். அடையாளம் இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம். அந்த நேரத்தில் அது எங்களுக்குப் பெரிய கெட்டித்தனமாகத்தான் பட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீ பொய் சொல்லமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். நேற்றுப் பின்னேரம் உன்ர தம்பி மண்வெட்டியோடை வயல்பக்கம் போனவனோ?"

"ஓம், ஆனால்..."

"ஆனால் வேண்டாம். ஓமோ, இல்லையோ?"

"ஓம்."

அவன் போனது செத்துப்போன பசுக்கன்றைக் காட்டோரத்தில் புதைக்க. தம்பியே அதைச் சொன்னான். அவர் அதற்கும் ஆயத்தமாக இருந்தார். "கண்டுக்குட்டியைத் தாட்டவன் தண்ணி வெட்டக்கூடாது எண்டு ஒரு விதி இருக்கோ? ஒண்டு மற்றதை மறுக்காது." சரிதானே. மறுக்காதுதான். இன்றைக்கு யோசித்தாலும் அந்த இடத்தில் ஒரு ஓட்டை காண முடியவில்லை.

அப்போது பின்னாலிருந்து உழவுக்காரர் கேட்டார்: "ஐயா, வரம்பிலை நண்டு வளை பாத்தனீங்களோ?"

அவர் திரும்பிப் பார்த்தார். "நண்டு எந்தக் கந்தோரிலை பெர்மிற் எடுத்தது?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஓவசியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எல்லோரிலும் உரக்கச் சிரித்தது நான்.

ஏன் சிரித்தேன் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். உழவுக்காரரின் மனைவி எனக்கு ஒரு மருந்து சொல்லியிருந்தா. வயல்நண்டை இடித்து மிளகும் உள்ளிப்பூண்டும் போட்டுச் சாறு வைத்துக் கொடுத்தால் நெஞ்சுச் சளி இளகும் என்றா. கடல்நண்டென்றால் நாங்களும் தின்போம். வயல்நண்டு என்றால் எங்கள் சனம் காறித் துப்பும். காட்டுச்சனத்தின் சாப்பாடு என்று பழிக்கும். நானும் பழித்தவள்தான். ஆனாலும் என் கணவர் செத்துப்போவார் என்று பயம் பிடித்துவிட்டது. திங்கட்கிழமை மத்தியானம், ஆம்பிளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, என் கலியாணக் குடையின் கம்பி ஒன்றைக் கழற்றி முனையை வளைத்து எடுத்துக்கொண்டு போனேன். நண்டு அதிகம் இருந்தது மேல்வயலுக்கும் தம்பியின் வயலுக்கும் நடுவிலிருந்த அந்த வரம்பில்தான். ஒரு நாளும் சேறு காணாத வரம்பு. புல்லுக்குக் கீழே வளை வளையாக இருந்தது. கம்பியை விட்டுக் கிண்டினேன். அகப்படாத இடத்தில் கையால் தோண்டி வாயைப் பெருப்பித்தேன். ஒரு வளையில் கம்பி இறுகி முறிந்தது. பாதி உள்ளேயே போய்விட்டது. ஒரு சட்டி நண்டு கிடைத்தது. சாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். மூன்றாம் நாள் எழும்பி உட்கார்ந்தார்.

உழவுக்காரர் நண்டு என்ற சொல்லைச் சொன்ன அந்தக் கணத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்தால் தம்பி தப்புவான். திறந்தால், ஒவ்வொரு வீட்டுக் குசினியிலும் என்னை வயல்நண்டு தின்னி என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவ்வளவுதான் எனக்கு நட்டம். அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் முந்திச் சிரித்தேன். அவர் என்னிடம் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எத்தனையோ வருடம் என்னையே தேற்றிக்கொண்டேன். அவருக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. எனக்கு அவர் போட்ட தடை வசதியாக இருந்தது.

"ஆகவே," என்றார். மோதிரவிரல் எழும்பியது.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. தம்பியின் பெர்மிற்றை இரத்துச் செய்துவிட்டார்கள். நெல் அப்போதுதான் பால் பிடித்து நின்றது. தம்பி வரம்பில் ஏறி ஒருமுறை நீளத்துக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்தான். பசுவை எங்களிடம் விட்டுவிட்டு, மனைவியையும் இரண்டு பெட்டியையும் பஸ்ஸில் ஏற்றினான். ஆனையிறவு உப்பளத்தில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பஸ் வெளிக்கிடும்போது என் கையைப் பிடித்தான்.

"நீ அழாதை அக்கா. உன்ர வாயை அவர் கட்டிப்போட்டார். நீ என்ன செய்வாய்?" என்றான்.

பஸ் போனபிறகு வீட்டுக்கு வந்து சோறு போட்டுத் தின்றேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த விதைப்புக்கு முன் உழவுக்காரர் இவருடைய வயலை உழ மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் இவரே மண்வெட்டியோடு இறங்கினார். வரம்பில் புல்லைச் செதுக்கினார். செதுக்கச் செதுக்க வளைகள் வெளிவந்தன. ஒன்றில் வாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாராம். அது மற்றப் பக்கத்தால், தம்பியின் வயலுக்குள் குபுகுபுவென்று வந்து விழுந்ததாம். அவருடைய மனைவி சொன்னா. அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனார். இதை நான் மறைக்கக்கூடாது. அந்த மனிசன் போனார். "நான் சொன்ன முதல் வசனம் பிழை. தண்ணி தானாயும் போகும். நண்டு வளையாலை போயிருக்கு" என்று ஓவசியருக்கு முன்னால் நின்று சொன்னாராம். ஓவசியர் கதிரை போடவில்லை.

"நண்டோ? அது எந்தக் கந்தோரிலை பெர்மிற் எடுத்ததாம்?" என்று கேட்டுச் சிரித்தாராம். அந்தக் காணியை ஏற்கெனவே வேறொருவருக்கு எழுதியாகிவிட்டது. மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதினார். பதில் வரவில்லை. திரும்ப எழுதினார். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த பெட்டிசங்களுக்கு வந்த பதில்கள் இதற்கு வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலைநேரம் எங்கள் வேலிப் படலையில் வந்து நின்றார். நான் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மடியிலிருந்து எதையோ எடுத்துப் படலைக் கட்டையின் மேல் வைத்தார். துருப்பிடித்த கம்பித்துண்டு. ஒரு முனை வளைந்திருந்தது.

"இது அந்த வரம்பிலை, ஒரு வளைக்குள்ளை கிடந்தது பிள்ளை."

நான் நெல்லைக் கையால் துழாவிக்கொண்டே இருந்தேன். அவருடைய கை மெல்லப் பொத்தி முகத்துக்கு நேரே வந்தது.

"இது குடைக்கம்பி." சுட்டுவிரல்.

"இந்தப் பக்கத்திலை குடை இருக்கிறது ரெண்டே ரெண்டு வீட்டிலை. என்ர குடையை எண்ணிப் பாத்தன், எட்டுக் கம்பியும் கிடக்குது." நடுவிரல்.

ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்கவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கை அப்படியே நின்றது. மோதிரவிரல் கொஞ்சம் அசைந்தது. எழும்பவில்லை. பிறகு இரண்டு விரலையும் மடக்கி, கையைத் தொங்கவிட்டார்.

"உன்ர மனிசனுக்கு இப்ப நெஞ்சுச்சளி சுகமோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"அது நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பியைக் கட்டையிலேயே விட்டுவிட்டார். நான் அதைக் குசினிக்குப் பின்னால் கொண்டுபோய்ப் புதைத்தேன்.

அதன்பிறகு அவர் யாருடைய பிணக்குக்கும் போகவில்லை. கூப்பிட்டாலும், "நான் படிச்சது போதாது" என்பார். ஒவ்வொரு போகமும் அந்த வரம்புக்குத் தானே சேறு அணைத்தார். அதற்குக் கீழ்வயலில் இப்போது எங்களோடு கதை பேச்சு இல்லாத ஒரு புது ஆள். என்னைப் பற்றி அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. அவா என்னோடு எப்போதும்போல் இருந்ததிலிருந்து அது எனக்குத் தெரிந்தது. என் தம்பியைக் கள்ளனாக்கியதை நான் அவருக்கு மன்னிக்கலாம். தெரிந்துகொண்டும் என்னைச் சும்மா விட்டுப்போனாரே, அதை மன்னிக்க என்னால் முடியவில்லை. ஊரைக் கூட்டி அந்த விரலை எழுப்பியிருந்தால் நானும் அழுது தீர்த்து ஓய்ந்திருப்பேன்.

அவர் செத்த செய்தியைத் தம்பிக்குச் சொல்ல நான்தான் போனேன். மாங்குளத்தில் பஸ் மாறி ஆனையிறவுக்குப் போய் இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தம்பி பாத்தியிலிருந்து ஏறி வந்தான். காலெல்லாம் உப்பு அரித்த வெடிப்பு. வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு இருந்தது. அக்கா வந்திருக்கிறா என்று சொல்லி யாரிடமோ சோடாப் போத்தல் வாங்கித் தந்தான். நான் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். செய்தியைச் சொன்னேன்.

"ஒரு பாவமும் செய்யாத என்னைக் கள்ளன் எண்டு சொன்ன மனிசன்" என்றான். "உன்னையும் கதைக்க விடேல்லை. எல்லாத்துக்கும் அவர்தான் அக்கா காரணம். என்ன?"

நான் அவனுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம்" என்றேன். அதற்கு அடுத்த சொல் வாய்வரை வந்தது. சோடாவோடு சேர்த்து விழுங்கினேன்.